படைக்கொடியடியில் வைத்த பணம்

ரோமாபுரிக் குடியானவன் தன் வீட்டு ஆயுதத்தை எடுத்துக்கொண்டு, தன் வீட்டுத் தானியத்தையே மூட்டை கட்டிக்கொண்டு யுத்தத்துக்குப் புறப்பட்ட ஆதி நாட்களில் அவனுக்குச் சம்பளம் என்று ஒன்று இருந்ததில்லை; அறுவடைக்குள் ஊர் திரும்பிவிடக்கூடிய அண்டைநாட்டுச் சண்டைகளுக்கு அது தேவைப்படவும் இல்லை. கி.மு. 406-ஆம் ஆண்டில், வேயி நகரத்தோடு நெடுங்காலம் நீடிக்கப்போகிற யுத்தம் மூளும் தறுவாயில்தான், காலாட்படையினருக்குப் பொதுக் கருவூலத்திலிருந்து வேதனம் கொடுப்பதென்று செனட் சபை தீர்மானம் செய்ததாகச் சரித்திராசிரியர் லிவி எழுதுகிறார். ஜனங்கள் சபை மண்டபத்துக்கு ஓடிவந்து, வெளியே வந்த செனட்டர்களின் கைகளைப் பற்றிக்கொண்டு நன்றி சொன்னார்களாம். ஜனங்களின் பிரதிநிதிகளான ட்ரிப்யூன்கள் மட்டும் அந்தச் சந்தோஷத்தில் கலந்துகொள்ளவில்லை. இந்தப் பணம் வேறெங்கிருந்து வரும், உங்கள் தலையில் வரியாக விழுந்துதானே வரவேண்டும் என்று அவர்கள் எச்சரித்தார்கள். அவர்கள் சொன்னபடியே வரி விதிக்கப்பட்டது. வெள்ளி நாணயம் அந்நாளில் அடிக்கப்படாமையால், கனத்த வெண்கலத்தை வண்டிகளில் ஏற்றிச் சிலர் கருவூலத்துக்கு ஓட்டிக்கொண்டு போனார்கள்.

ஒரு கையால் கொடுப்பதை மறு கையால் வாங்கிக்கொள்வது என்ற இந்த விவகாரம் அன்றோடு தீர்ந்துவிடவில்லை. அடுத்த பல நூற்றாண்டுகளுக்குச் சிப்பாயின் கணக்கேட்டில் அது ஓர் இடத்தைப் பெற்றுவிட்டது. கி.மு. இரண்டாம் நூற்றாண்டில் அந்தச் சைன்யத்தைக் கூர்ந்து கவனித்து எழுதிய கிரேக்கரான பாலிபியஸ், காலாள் ஒருவனுக்கு நாளொன்றுக்கு இரண்டு ஓபல், நூற்றுவர் தலைவனுக்கு அதைப்போல் இரு மடங்கு, குதிரைவீரனுக்கு ஒரு துராக்மா என்று சொல்லிவிட்டு, ரோமக் குடிகளாகிய சிப்பாய்களுக்குக் கொடுக்கும் தானியம், துணி, கூடுதலாக வேண்டியிருக்கும் ஆயுதம் ஆகியவற்றின் விலையைக் கருவூல அதிகாரி அந்தச் சம்பளத்திலிருந்தே பிடித்துக்கொள்வார் என்பதையும் மறவாமல் குறிக்கிறார். நேச நாடுகளிலிருந்து வந்து உடன் நின்று போரிட்டவர்களுக்குத் தானியம் இனாமாகவே கிடைத்தது. கி.மு. 123-இல் ட்ரிப்யூனாக இருந்த கையஸ் கிராக்கஸ், சிப்பாயின் உடை அரசாங்கச் செலவிலேயே வழங்கப்படவேண்டும், அதற்காகச் சம்பளத்தில் காசு குறைக்கக் கூடாது என்று சட்டம் செய்தார். ஏழைகளின் பொருட்டுச் செய்யப்பட்ட நல்ல சட்டங்களுள் அது ஒன்று என்றே நான் எண்ணுகிறேன். ஆனால் இருநூறு ஆண்டுகளுக்குப் பிறகு எழுதப்பட்ட கணக்குகளைப் பிரித்துப் பார்த்தால், துணிக்கான பிடித்தம் பெரிய தொகையாகவே உட்கார்ந்திருக்கிறது.

ஜூலியஸ் சீஸர் சம்பளத்தை இரட்டிப்பாக்கினார். சக்கரவர்த்தி அகஸ்டஸ் காலத்தில், லீஜியன் என்ற ரோமப் பெரும்படைப் பிரிவின் வீரனுக்கு ஆண்டுச் சம்பளம் 225 தினாரி. அது ஜனவரி, மே, செப்டம்பர் என்று மூன்று தவணைகளில், தவணைக்கு 75 தினாரியாகக் கணக்கிடப்பட்டது. அந்த அகஸ்டஸும் அவருக்குப் பின் வந்த டைபீரியஸும் தங்கள் முகத்தைப் பொறித்து அடித்த இந்த வெள்ளித் தினாரிகள்தாம், மிளகுக்கும் மணிகளுக்கும் விலையாகக் கடல் கடந்து வந்து, கரூரிலும் கோயம்புத்தூர் வட்டாரத்திலும் மண்ணுக்குள் புதைந்து, பின்னாளில் புதையலாக வெளிப்பட்டவை; நம் கொங்கு நாட்டு வணிகன் எண்ணி வாங்கிய நாணயமும் ரைன் நதிக்கரைச் சிப்பாய்க்குக் கணக்கில் எழுதப்பட்ட நாணயமும் ஒரே இனத்தவை. ஒரு தினாரியஸ் பதினாறு ஆஸ் என்னும் செப்புக் காசுகளுக்குச் சமானம். 225-ஐப் பதினாறால் பெருக்கி, வருஷத்துக்கு 360 நாள் என்று வகுத்தால் நாளொன்றுக்குச் சரியாகப் பத்து ஆஸ் வரும்.

அந்தப் பத்து ஆஸைப் பற்றித்தான் கி.பி. 14-இல், அகஸ்டஸ் இறந்த செய்தி எட்டியவுடன், டான்யூப் நதிப் பக்கத்துப் பன்னோனியாவில் மூன்று லீஜியன்கள் கலகம் செய்தன. ஒரு காலத்தில் நாடகக் கொட்டகையில் கைதட்டுவோர் கூட்டத்துக்குத் தலைவனாக இருந்து பிறகு சிப்பாயான பெர்சென்னியஸ் என்பவன், மாலை வேளைகளில் கூட்டம் சேர்த்துப் பேசிய பேச்சைச் சரித்திராசிரியர் டாசிட்டஸ் விஸ்தாரமாகத் தருகிறார். உயிருக்கும் உடலுக்கும் நாளொன்றுக்குப் பத்து ஆஸ் என்று விலை வைத்திருக்கிறார்கள். அதிலேதான் துணி, அதிலேதான் ஆயுதம், அதிலேதான் கூடாரம். போதாக்குறைக்கு நூற்றுவர் தலைவனின் பிரம்படியிலிருந்து தப்பவும், கடுமையான வேலைகளிலிருந்து விடுதலை பெறவும் கொடுக்கவேண்டிய கைக்கூலியும் அதிலேதான் என்பது அவன் முறையீட்டின் சாரம். நாளுக்கு ஒரு தினாரியஸ் வேண்டும், பதினாறு வருஷ சேவையோடு விடுதலை வேண்டும் என்று கேட்டார்கள். சந்திர கிரகணம் ஒன்று நேர்ந்து, அதை அபசகுனமாகக் கொண்டு சிப்பாய்கள் கலங்கிப்போன நேரத்தைப் பயன்படுத்திக்கொண்டு டைபீரியஸின் குமாரன் டிரூஸஸ் கலகத்தை அடக்கினான், பெர்சென்னியஸ் கொல்லப்பட்டான், சம்பளம் உயரவில்லை.

அவன் சொன்ன கைக்கூலி எந்த ஏட்டிலும் ஏறாத பிடித்தம். லீவுக்கும் வேலை விலக்குக்கும் சிப்பாய் தன் நூற்றுவர் தலைவனுக்குக் கொடுத்துவந்த தொகை, ஐம்பது ஆண்டுகளுக்குப் பின் கி.பி. 69-லும் வழக்கத்தில் இருந்தது. அதைக் கொடுப்பதற்காகச் சிலர் வழிப்பறியிலும் அடிமைகளுக்குரிய வேலைகளிலும் இறங்க நேர்ந்தது என்று டாசிட்டஸ் எழுதுகிறார். அந்த ஆண்டு சில மாதங்கள் மட்டுமே சக்கரவர்த்தியாக இருந்த ஓத்தோ, அந்தத் தொகையைத் தன் கஜானாவிலிருந்தே நூற்றுவர் தலைவர்களுக்குக் கொடுத்துவிடுவதாக ஏற்றுக்கொண்டார். லஞ்சத்தை ஒழிக்க முடியாத அரசாங்கம் அந்த லஞ்சத்தைத் தானே கட்ட ஒப்புக்கொண்டது.

இனி, ஏட்டில் ஏறிய பிடித்தங்களைப் பார்ப்போம். ஜெனீவா நகரத்து நூலகத்தில் எகிப்திலிருந்து வந்த பாப்பிரஸ் ஒன்று இருக்கிறது, கி.பி. 81-ஆம் ஆண்டையொட்டி லத்தீனில் எழுதப்பட்ட படைக் கணக்கு அது. டமாஸ்கஸ் நகரத்தவனான க்வின்டஸ் ஜூலியஸ் புரோகுலஸ், டயர் நகரத்தவனான கையஸ் வலேரியஸ் ஜெர்மானஸ் என்ற இரண்டு சிப்பாய்களின் ஓராண்டு வரவுசெலவு அதில் தவணை வாரியாக எழுதப்பட்டிருக்கிறது. புரோகுலஸின் முதல் தவணையைப் படிப்போம். சில்லறையை நீக்கிச் சொன்னால் வரவு 248 துராக்மா. அதிலே வைக்கோலுக்கு 10, உணவுக்கு 80, காலணிக்கும் வார்களுக்கும் 12, பாளையத்தில் நடந்த சட்டர்னாலியாப் பண்டிகைக்கு 20, துணிக்கு 60. ஆகச் செலவு 182. மிச்சம் 66 இருப்பில் சேர்க்கப்பட்டது, முன்னிருப்பு 136, ஆக இருப்பு 202. இரண்டாம் தவணையில் பண்டிகையும் இல்லை, துணியும் இல்லை. ஆனால் ‘கொடிகளுக்கு’ என்று 4 துராக்மா பிடித்திருக்கிறார்கள். செலவு 106 போக மிச்சம் 142 சேர்ந்து, இருப்பு 344 ஆகிறது. மூன்றாம் தவணையில் துணிக் கணக்கு மட்டும் 146. வைக்கோல், உணவு, காலணி ஆகியவற்றோடு கூட்டினால் வந்த 248-உம் போய்விட்டது. இருப்பு அதே 344-இல் நின்றது.

இந்த ஏட்டை நான் படிக்கும்போதெல்லாம் என் கவனம் ஓர் இடத்தில் நின்றுவிடுகிறது. வரவு இருக்கிறது, பிடித்தம் இருக்கிறது, இருப்பு இருக்கிறது. ‘கையில் கொடுத்தது’ என்று ஓர் இனம் மூன்று தவணைகளிலும் எங்கும் இல்லை. புரோகுலஸ் ஓராண்டில் சம்பாதித்தது 744 துராக்மா. அவன் தின்றது, உடுத்தது, பண்டிகை கொண்டாடியது எல்லாம் சேர்ந்து 536. மீந்த 208-உம் அவன் விரல்படாமலே ஏட்டிலிருந்து ஏட்டுக்கு நகர்ந்திருக்கிறது. வருமானத்தில் நான்கில் ஒரு பங்குக்கு மேல் மிச்சம் பிடிப்பது இக்காலத்துக் குடும்பஸ்தர்களுக்கே எளிதான காரியமன்று. அவனுடைய தோழன் ஜெர்மானஸும் அதே சம்பளம் வாங்கி, அதே உணவும் காலணியும் பெற்றவன். முதல் தவணையிலேயே துணிக்கு 60-க்குப் பதில் 100 போய்விட்டது, முன்னிருப்பும் சொற்பம். வருஷ முடிவில் அவன் இருப்பு 188 மட்டுமே. இருவரும் ஒரே தட்டில் உண்டவர்கள் என்று வைத்துக்கொண்டாலும், அவர்களின் எதிர்காலத்தைப் பிரித்துக் காட்டுவன அந்த முன்னிருப்பும் துணிப் பத்தியுமே.

எகிப்துக்கு வடகிழக்கே, யூதேயாவில், ஏறக்குறைய அதே பத்தாண்டில் எழுதப்பட்ட இன்னொரு கணக்கு இதைவிடக் கொடியது. அதற்குச் சற்று முன், கி.பி. 70-இல், யூதர்களின் கலகத்தை ஒடுக்க வந்த ரோம சேனாதிபதி டைடஸ் ஜெருசலேம் முற்றுகையின் நடுவே தன் சைன்யத்துக்குச் சம்பளம் பட்டுவாடா செய்ததை, அங்கேயே இருந்து பார்த்த ஜோஸிபஸ் வர்ணித்திருக்கிறார். சிப்பாய்கள் உறைகளிலிருந்து ஆயுதங்களை எடுத்துத் துலக்கிக் கவசமணிந்து அணிவகுத்து வந்தார்கள். குதிரைவீரர்கள் அலங்கரித்த குதிரைகளை நடத்திவந்தார்கள். வெள்ளியும் பொன்னும் வெயிலில் மின்ன, நகரத்து மதில்மேல் ஜனங்கள் திரண்டு நின்று அதைப் பார்த்துக் கதிகலங்கிப் போனார்கள். நான்கு நாட்கள் நடந்தது அந்தப் பட்டுவாடா. எதிரியை மிரட்டுவதற்கு ஏற்ற காட்சிதான். சில ஆண்டுகளில் அந்த யுத்தத்தின் கடைசிக் கோட்டையான மசாடாவும் வீழ்ந்தது. 1963-க்கும் 1965-க்கும் இடையில் யிகால் யாதீன் நடத்திய அகழாய்வில் அந்தக் கோட்டையில் கிடைத்த பாப்பிரஸ் துண்டுகளில் ஒன்று, பெய்ரூத் நகரத்தவனான கையஸ் மெஸ்ஸியஸ் என்ற ரோமக் குடிமகனின் சம்பளக் கணக்கு. வரவு 50 தினாரி. பார்லிக்கு 16, உணவுக்கு 20, காலணிக்கு 5, தோல் வார்களுக்கு 2, நார்த்துணிச் சட்டைக்கு 7. கூட்டிப் பார்த்தால் ஐம்பது. ஒரு காசு மிஞ்சவில்லை. பார்லி குதிரைத் தீனியாதலால் அவன் குதிரைவீரனாக இருந்திருக்கவேண்டும் என்று ஆராய்ச்சியாளர் கருதுகிறார்கள். ஜெருசலேமின் மதில் முன்னே அத்தனை பகட்டோடு பட்டுவாடா நடத்திய சைன்யத்தில், அடுத்த சில வருஷங்களில் ஒரு வீரனின் தவணை முழுவதும் அவன் குதிரையும் அவன் வயிறும் அவன் சட்டையுமாகக் கரைந்து போயிருக்கிறது.

ஆகவே வீட்டாரின் ஒத்தாசை சிப்பாய்க்குப் பெரிய பலமாக இருந்தது. பிரிட்டனில் ரோம ஆட்சியின் வட எல்லையிலிருந்த விண்டோலண்டாவில் 1973 முதல் கிடைத்துவரும் மெல்லிய மரச்சீவல் கடிதங்களில் ஒன்று, காலுறைகளும் இரண்டு ஜோடி செருப்பும் இரண்டு உள்ளாடையும் அனுப்பியிருப்பதாக யாரோ ஓர் அன்பர் எழுதியது. குளிருக்கு இதமாக அனுப்பியது என்றே எல்லோரும் அதைப் படிக்கிறார்கள். ஜெனீவா ஏட்டின் துணிப் பத்தியைப் பார்த்தவர்களுக்கு அந்த உள்ளாடைகளின் அருமை இன்னும் நன்றாக விளங்கும். சேர்ந்த புதிதில் கையில் காசு பார்த்தவர்களும் உண்டு. எகிப்திலிருந்து கப்பலேறி இத்தாலியின் மிஸேனம் துறைமுகத்துக் கடற்படையில் சேர்ந்த அபியோன் என்ற இளைஞன், வழிச்செலவுக்கென்று சக்கரவர்த்தியிடமிருந்து மூன்று பொற்காசுகள் பெற்றதாக இரண்டாம் நூற்றாண்டில் தகப்பனாருக்கு எழுதிய கடிதம் கிடைத்திருக்கிறது. மூன்று பொன் என்பது எழுபத்தைந்து தினாரி. லீஜியன் வீரனின் பழைய தவணை ஒன்றுக்குச் சமம்.

இருப்பில் சேர்ந்த பணம் எங்கே இருந்தது என்பதில்தான் ரோமர்களின் சாதுர்யம் தெரிகிறது. ஒவ்வொரு படைப்பிரிவுக்கும் ஒரு கொடி உண்டு. துணிக்கொடியன்று, பதக்கங்களும் சின்னங்களும் கோத்த நெடுங்கழி. பாளையத்தின் நடுவிலிருந்த தலைமை மண்டபத்தில் அந்தக் கொடிகளுக்கென்று ஒரு சந்நிதி இருந்தது, அவை பூஜைக்குரியவை. பல கோட்டைகளில் அந்தச் சந்நிதியின் தளத்துக்கு அடியிலேயே பணப் பெட்டகத்துக்கான நிலவறையைக் கட்டினார்கள். பிரிட்டனில் ஹேட்ரியன் சுவரையொட்டிய செஸ்டர்ஸ் கோட்டையில் வளைவுக் கூரையோடு கூடிய அத்தகைய நிலவறையை இன்றும் பார்க்கலாம். கொடி பிடிக்கும் வீரனே பணத்துக்கும் கணக்குப்பிள்ளை. நான்காம் நூற்றாண்டு வாக்கில் பழைய படைமுறைகளைத் தொகுத்தெழுதிய வெஜீஷியஸ், கொடி பிடிப்பவன் நம்பிக்கையானவனாக மட்டும் இருந்தால் போதாது, எழுதப் படிக்கத் தெரிந்தவனாக, வைப்புப் பணத்தைக் காத்து ஒவ்வொருவனுக்கும் கணக்கு ஒப்புவிக்க வல்லவனாக இருக்கவேண்டும் என்கிறார். பத்துப் பிரிவுக்குப் பத்துப் பைகள். பதினொன்றாவது பை ஒன்றும் உண்டு. அதிலே லீஜியன் முழுவதும் சிறு சிறு தொகை போட்டுவைக்கும். தோழன் ஒருவன் இறந்தால் அவனை அடக்கம் செய்யும் செலவு அதிலிருந்து எடுக்கப்படும்.

சக்கரவர்த்திகள் அவ்வப்போது அளித்த வெகுமதியில் பாதியைக் கட்டாயமாகக் கொடியடியில் வைக்கச் செய்ததற்கு வெஜீஷியஸ் இரண்டு காரணங்கள் சொல்கிறார். ஒன்று, ஏழைகளான சிப்பாய்கள் கைக்கு வந்ததைக் களியாட்டத்தில் தொலைத்துவிடாமல் காப்பது. மற்றொன்று, தன் பணம் கொடியடியில் கிடக்கிறது என்று அறிந்தவன் ஓடிப்போக நினைக்கமாட்டான். அந்தக் கொடியை அதிகமாக நேசிப்பான். போர்க்களத்தில் அதற்காக உறுதியாக நின்று போரிடுவான். முதல் காரணத்தில் தகப்பனின் அக்கறை இருக்கிறது. இரண்டாவதில் எஜமானனின் கணக்கு இருக்கிறது. இரண்டும் ஒரே ஏற்பாட்டுக்குள் அடங்கியிருந்தன என்பதை மறைக்காமல் எழுதிவைத்த அந்த ஆசிரியருக்கு நாம் கடமைப்பட்டிருக்கிறோம். மெஸ்ஸியஸைப் போல ஒன்றும் மிஞ்சாதவனுக்கு ஓடிப்போவதற்குத் தடை குறைவு. புரோகுலஸ் 344 துராக்மாவை விட்டுவிட்டு எங்கே ஓடுவான்?

ஆனால் சிப்பாயைக் கட்டிப்போட்ட அதே பணம் ஒரு முறை அரசனுக்கு எதிராகவே திரும்பியது. சக்கரவர்த்தி டொமிஷியன், தவணைக்கு எழுபத்தைந்து என்றிருந்த சம்பளத்தை உயர்த்தி, ஆண்டுக்கு 300 தினாரியாக்கியவர். சிப்பாய்கள் அவரிடம் அபிமானம் கொண்டிருந்தார்கள். எனினும் கி.பி. 89-ஆம் ஆண்டின் தொடக்கத்தில், மேல் ஜெர்மானியாவின் ஆளுநரான அந்தோனியஸ் சாட்டர்னினஸ், மைன்ஸ் நகரத்தில் குளிர்காலப் பாளையமிட்டிருந்த இரண்டு லீஜியன்களைக் கொண்டு தன்னைச் சக்கரவர்த்தியாக அறிவித்துக்கொண்டார். உறைந்திருந்த ரைன் நதியைக் கடந்து உதவிக்கு வரவேண்டிய ஜெர்மானியர், பனிக்கட்டி திடீரென்று உருகியதால் வர இயலாமற் போக, கலகம் சில வாரங்களில் முறிந்தது. அதன் பின் டொமிஷியன் இட்ட இரண்டு கட்டளைகளை சூட்டோனியஸ் பதிவு செய்கிறார்: இரண்டு லீஜியன்கள் ஒரே பாளையத்தில் தங்கக்கூடாது, கொடியடியில் எவனும் செஸ்டர்ஸ் என்னும் நாணயத்தில் ஆயிரத்துக்கு மேல் வைக்கக்கூடாது. இரண்டு லீஜியன்களின் சேமிப்பு ஓரிடத்தில் குவிந்திருந்ததே சாட்டர்னினஸுக்குத் துணிவைத் தந்ததாகக் கருதப்பட்டது. ஆயிரம் செஸ்டர்ஸ் என்பது 250 தினாரி. எகிப்தின் துராக்மா ஏறத்தாழ ஒரு செஸ்டர்ஸுக்குச் சமானமாதலால், நம் புரோகுலஸ் இந்தக் கட்டளையால் பாதிக்கப்படக்கூடியவன் அல்லன். இருபது வருஷம் வயிற்றைக் கட்டிச் சேர்த்த கிழட்டு வீரன்தான் பாதிக்கப்பட்டிருப்பான். சேனாதிபதி செய்த துரோகத்துக்குச் சிப்பாயின் சிக்கனத்தைத் தண்டித்த அந்தக் கட்டளையை நியாயம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

சேவை முடித்து உயிரோடு வெளியேறியவனுக்கு வேறொரு தொகை காத்திருந்தது. கி.பி. 6-இல் அகஸ்டஸ் இதற்கென்றே தனியாக ஒரு படைக் கருவூலத்தை ஏற்படுத்தி, தம் சொந்தப் பணத்திலிருந்து பதினேழு கோடி செஸ்டர்ஸ் அதற்கு வழங்கினார். சொத்துரிமையாகப் பெறும் பணத்தில் நூற்றுக்கு ஐந்து என்ற வரியும் அதற்குப் போயிற்று. லீஜியன் வீரனுக்கு 12,000 செஸ்டர்ஸ், அதாவது 3,000 தினாரி; அன்றைய கணக்கில் பதின்மூன்று ஆண்டுச் சம்பளத்துக்கு மேல். சேவைக் காலத்தில் இறந்தவனுடைய கணக்கு அவன் வாரிசுக்குத் தீர்க்கப்பட்டது. எகிப்தில் இரண்டாம் நூற்றாண்டில் இறந்துபோன துணைப்படை வீரன் ஒருவனின் தாய் பெற்றுக்கொண்ட தொகைக்கு எழுதப்பட்ட ரசீது கிடைத்திருக்கிறது. மகனுடைய வைப்புப் பணத்தோடு, ஆயுத வகையில் 21 தினாரியும் சில்லறையும், கூடார வகையில் 20 தினாரியும் அவளுக்குத் திருப்பித் தரப்பட்டன. பெர்சென்னியஸ் குறைப்பட்டுக்கொண்ட அந்த ஆயுதப் பணமும் கூடாரப் பணமும், நூறு வருஷம் கழித்து, உரியவன் இல்லாதபோதும், காசு சுத்தமாகக் கணக்குத் தீர்க்கப்பட்டன. எழுதிவைத்த பிடித்தத்துக்கும் எழுதாத பிடித்தத்துக்கும் உள்ள வித்தியாசம் இதுவே: நூற்றுவர் தலைவனுக்குக் கொடுத்த கைக்கூலியை எந்தத் தாயும் திரும்பப் பெற்றதில்லை.

மூன்றாம் நூற்றாண்டில் இந்த ஏடுகளின் அர்த்தம் மெல்ல மெல்லப் போய்விட்டது. சிப்பாய்களைச் செழிக்கச் செய்யுங்கள், மற்றவர்களைப் பொருட்படுத்தாதீர்கள் என்று மரணத் தறுவாயில் தம் குமாரர்களுக்குப் புத்தி சொன்னதாகக் கூறப்படும் செப்டிமியஸ் செவெரஸ் சம்பளத்தை உயர்த்தினார். அவர் மகன் கராகல்லா அதன்மேல் மறுபடியும் பாதியளவு கூட்டினார். ஆனால் தினாரியஸில் இருந்த வெள்ளி செவெரஸ் காலத்திலேயே ஏறத்தாழப் பாதியாகிவிட்டது. பின்வந்தவர்கள் அதையும் குறைத்தார்கள். எண்ணிக்கை ஏற ஏற வாங்கும் சக்தி இறங்கியபடியால், தானியம், இறைச்சி, மது, துணி என்று பொருளாகவே ஜனங்களிடமிருந்து வசூலித்துச் சைன்யத்துக்கு வழங்கும் முறை வேரூன்றியது. பணத்தில் பிடிப்பதற்கே ஒன்றும் இல்லாதபோது பிடித்தக் கணக்கு எதற்கு? கி.பி. 301-இல் டயோக்ளீஷியன் சாம்ராஜ்யம் முழுவதற்கும் உச்ச விலைகளை நிர்ணயித்து வெளியிட்ட கட்டளையின் முகவுரை, ஒரே ஒரு பண்டத்தை வாங்குவதிலேயே சிப்பாய் தன் வெகுமதியையும் சம்பளத்தையும் இழந்துவிடுகிறான் என்று வெளிப்படையாகவே முறையிடுகிறது. அந்தப் பட்டியலில் ஆணி அடிக்காத சிப்பாய்க் காலணியின் விலை நூறு தினாரி. மசாடாவில் மெஸ்ஸியஸின் கணக்கில் அதற்கு எழுதியிருந்தது ஐந்து.